பெயர் கேட்காத பெட்டி

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அண்மையில் போன் செய்தார். இப்போது வருகிற புதுக் கணினிகள், கடவுச்சொல் இல்லாத கோப்புப் பகிர்வுகளைத் திறக்கவே மறுக்கின்றன. வாடிக்கையாளர்கள் அந்தக் கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டுகிறார்களாம். "நேத்து வரைக்கும் கிளிக் பண்ணா திறந்துச்சு, இன்னிக்குப் பேரு கேக்குது, பாஸ்வேர்டு கேக்குதுன்னு சண்டைக்கு வர்றாங்க தேவா சார். யாரு சார் இந்த ரூலையெல்லாம் போடுறது?" என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ரூலை எங்கள் கம்பெனியில் போட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பொத்தேரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது போனில் சொல்கிற கதை இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமோ முடித்தேன். பல்லாவரத்தில் ஒரு கடையில் மானிட்டர் பழுது பார்த்தேன். பிறகு சில வருடங்கள் ஆபீஸ் ஆபீஸாகப் போய், கூரைக்கு மேல் ஊர்ந்து நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். கடைசியாகப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன்.

அந்தக் கம்பெனி கோப்புப் பெட்டிகள் செய்து விற்றது. செருப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஆபீஸில் ஒரு மூலையில் வைத்து வயரைச் செருகினால், அங்கே இருக்கிற எல்லாக் கணினிகளும் அதில் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். டாக்டர்கள் வாங்கினார்கள், ஆடிட்டர்கள் வாங்கினார்கள், பள்ளிக்கூடங்கள் வாங்கின. நான் சேர்வதற்கு முன்பே அதன் அமைப்புகளை யாரோ தீர்மானித்திருந்தார்கள். பெட்டி யாரையும் பெயர் கேட்காது. ஒரே வைஃபையில் யார் இருந்தாலும் அவர்களுடைய கணினித் திரையில் பெட்டியின் படம் தானாகவே தோன்றும். இரண்டு முறை தட்டினால் திறக்கும். கெஸ்ட் அனுமதி என்று அதற்குப் பெயர். வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ளலாம், எப்படி அணைப்பது என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படித்த ஒரு வாடிக்கையாளரைக்கூட என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

பெட்டியைப் பிரித்ததும் அது எப்படி இருக்கிறதோ, அதைத்தான் டீஃபால்ட் என்போம். வாங்கியவர் சாகும்வரை அது அப்படியேதான் இருக்கும். இதை முதலில் எனக்குப் புரியவைத்தது வித்யா மேடம்.

அவர் என்னைவிட நிறைய வயது சின்னவர். வெளியூரில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு எங்களுக்குத் தலைமையாக வந்தவர். மடிப்பாக்கத்தில் வீடு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். கடைசியில் நாம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் அவர் திட்டுவதைக் கேட்க வேண்டும். ஒருமுறை மீட்டிங்கில் ஒரு பொறியாளர், "வேணும்னா கஸ்டமர் செட்டிங்கை மாத்திக்கலாமே மேடம்" என்றார். வித்யா மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். "எந்தக் கஸ்டமர்? பேர் சொல்லுங்க" என்றார். பொறியாளர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாதிரி ஒருத்தரும் இல்லை. அவங்களுக்கு ஒரு கேள்வி இருக்குன்னே தெரியாது. அவங்களுக்காக நாமதான் பதில் எழுதி டப்பாவுல போட்டு அனுப்புறோம்" என்றார். எனக்கு அவரிடம் பயம் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இருந்தது.

பொத்தேரியிலிருந்து அந்த அழைப்பு வந்தது ஒரு மழைக்காலத்துக் காலையில். பெண்கள் விடுதி நடத்துகிற கஸ்தூரி என்ற அம்மா. "சார், உங்க பொட்டி ரொம்ப ஸ்லோவா கீது. கேமரா படம் விட்டு விட்டு வருது. இன்னான்னு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். என் வீடு சேலையூரில். பெருங்குடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருவதைவிட, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேராகப் போய்விடலாம். ஆபீசுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜிஎஸ்டி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அந்தக் கட்டடம். கீழே ஜெராக்ஸ் கடையும் ஜூஸ் கடையும். பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் முதல் மாடியில் கஸ்தூரி அம்மாவின் ஆபீஸ் அறை. அதற்கு மேலே மூன்று மாடிகளில் பெண்கள். எல்லோரும் கல்லூரி மாணவிகள், நர்சிங் படிப்பவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாசலில் ஒரு கேமரா, ஒவ்வொரு மாடி நடையிலும் ஒரு கேமரா. பதிவுகளெல்லாம் எங்கள் பெட்டியில் போய்ச் சேர்ந்தன.

"பாதுகாப்புக்குத்தான் சார் இம்மாம் செலவு பண்ணி வெச்சிருக்கேன். பெத்தவங்க வந்து பாத்தா மொதல்ல கேமராவைத்தான் காட்டுவேன்" என்றார் கஸ்தூரி அம்மா.

என் மடிக்கணினியில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். இந்த நிமிடம் யார் யார் பெட்டியோடு இணைந்திருக்கிறார்கள், எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அது காட்டும். மூன்று வரிகள் இருந்தன. ஒன்று கேமராப் பதிவுக் கருவி. இன்னொன்று கஸ்தூரி அம்மாவின் கணினி. மூன்றாவதில் கெஸ்ட் என்று மட்டும் இருந்தது. அந்தக் கணினியின் பெயர், தொழிற்சாலையில் வைக்கிற அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம்.

"வேற யாராவது இந்தப் படங்களைப் பாக்குறாங்களாம்மா?"

"நான்தான் பாக்குறேன். வேற யாரு பாக்கப் போறாங்க?"

அவருடைய கணினியை அணைக்கச் சொன்னேன். இரண்டு வரிகள் மிஞ்சின. கேமராக் கருவி எழுதிக்கொண்டிருந்தது. மற்றொன்று வாசித்துக்கொண்டிருந்தது. கோப்பின் பெயரிலேயே எந்தக் கேமரா, எந்த நேரம் என்பது இருக்கும். வாசல் கேமரா, நேற்று மாலை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மாறியது. வாசல் கேமரா, முந்தாநாள் மாலை. சற்று நேரத்தில் அதற்கும் முந்தைய நாள். பிறகு வாசலை விட்டுவிட்டு மூன்றாம் மாடி நடை, அதே மாலை நேரம். யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளின் மாலையாக எடுத்துத் தன் கணினிக்கு நகல் செய்துகொண்டிருந்தார். பெட்டி வேகம் குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

நான் எத்தனையோ கோளாறுகளைப் பார்த்தவன். வைரஸ் பார்த்திருக்கிறேன், எரிந்துபோன டிஸ்க் பார்த்திருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து இந்த நிமிடத்தில் கையை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததில்லை. வைஃபை எட்டும் தூரம் என்றால் இந்தக் கட்டடம், அல்லது ஒட்டியிருக்கிற கட்டடம். அவர் எங்கள் தலைக்கு மேலே இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். நான் என்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவர் எடுத்த கோப்புகளையே நானும் திறந்தேன். கஸ்தூரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெண்கள் கூட்டமாக வந்தார்கள், தனியாக வந்தார்கள். எல்லாக் கோப்புகளிலும் தவறாமல் இருந்தது ஒரே ஒரு பெண். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவள்.

"இது நம்ம நிவேதா" என்றார் கஸ்தூரி அம்மா. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், இந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி எங்கிட்ட வந்து அழுதுச்சு. யாரோ மெசேஜ் போடுறானாம். இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டியேங்குறான், பச்சைக் கலர் உனக்கு நல்லா இல்லேங்குறான். கூட கீற பொண்ணுங்க எவளோ வெளாடுறாளுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பிட்டேன். ரூம் மாத்திக் குடுங்கன்னு கேட்டுச்சு, மாத்திக் குடுத்தேன். அப்பவும் நிக்கலை."

ரூம் மாற்றியதும் மூன்றாம் மாடிக் கேமராவில் தெரிந்திருக்கும்.

படிக்கட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலோரம் நின்று வித்யா மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு பேசியபோது அவர் குரல் எவ்வளவு இறங்கியிருந்தது என்றால், போனைக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"பெட்டியை ஆஃப் பண்ணாதீங்க தேவா சார். பண்ணா இப்ப இருக்கிற இணைப்பு விவரம் போயிடும். ஸ்கிரீனை போட்டோ எடுங்க, தேதி நேரம் தெரியிற மாதிரி. பதிவு முழுக்க ஒரு பென் டிரைவ்ல எடுங்க, அதை அந்த அம்மா கையிலேயே குடுங்க, நீங்க கொண்டு வராதீங்க. அப்புறம் கெஸ்ட்டை மூடுங்க. வைஃபையைத் தொடாதீங்க, ஒரு நேரத்துல ஒண்ணுதான். என்ன மாத்தினதால என்ன ஆச்சுன்னு தெரியணும்."

"சரி மேடம்."

"இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவளுக்குத் தெரியாம எதையும் செய்யாதீங்க. போலீசா, வேண்டாமான்னு அவதான் சொல்லணும்."

நிவேதா அன்று வகுப்புக்குப் போகவில்லை. முந்தைய வாரமும் சில நாட்கள் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. கஸ்தூரி அம்மா மேலே போய் அழைத்து வந்தார். ஒல்லியான பெண். நெய்வேலிப் பக்கத்து ஊர். கதவருகிலேயே நின்றாள். நான் யார், எதற்காக வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

"நான் என் போனைத்தான் யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன் சார். போனை மாத்தினேன். அப்புறம் ஷாலினி மேல சந்தேகப்பட்டேன். என் கூட ரூம்ல இருந்தவ. அவகிட்ட பேசுறதையே விட்டுட்டேன். பாத்ரூம்ல கேமரா இருக்குமோன்னு லைட்டைப் போடாமலே குளிச்சேன்."

திரையின் பக்கம் குனிந்தாள். பிறகு கேட்டாள். "இதுக்கு பாஸ்வேர்டை எப்படி சார் கண்டுபிடிச்சான்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பாஸ்வேர்டு இல்லம்மா" என்றேன்.

"இல்லேன்னா?"

"இந்தப் பெட்டி யாரையும் பேர் கேக்காது. வைஃபை கிடைச்சா போதும். திறந்திடும்."

"ஏன் சார்?"

அப்படித்தான் விற்கிறோம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. கஸ்தூரி அம்மா என்னைப் பார்த்தார். அவரிடம் அந்தப் பெட்டியை விற்றவர்கள் இதை ஒரு வசதியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

"மூடிடுங்க சார்" என்றாள் நிவேதா. "போலீசுக்குப் போனா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும். ஊருக்குக் கூப்பிட்டுக்குவாங்க. ஆனா மூடிடுங்க."

மேடம் சொன்ன வரிசையிலேயே செய்தேன். படம் எடுத்தேன், பதிவை நகல் செய்து பென் டிரைவைக் கஸ்தூரி அம்மாவிடம் கொடுத்தேன், கெஸ்ட் அனுமதியை அணைத்தேன். கெஸ்ட் என்றிருந்த அந்த வரி திரையிலிருந்து மறைந்தது. வைஃபை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரி அம்மாவின் போனில் யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று பாடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நெட்டு எதுனா கட் ஆயிடுச்சா?"

கஸ்தூரி அம்மா கதவைத் திறந்தார். கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற தினேஷ். முப்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா. விடுதியின் ரசீதுகளை இலவசமாக அச்சடித்துக் கொடுப்பதால் கஸ்தூரி அம்மாதான் அவனுக்கு வைஃபை கொடுத்திருந்தார். பெண்களின் அடையாள அட்டைகளை நகல் எடுத்ததும் அவன்தான்.

"நெட் ஓடுதே தம்பி" என்றேன். "உங்களுக்கு என்ன திறக்கலை?"

என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் திரையைப் பார்த்தான். பிறகு நிவேதாவைப் பார்த்தான்.

"என்னம்மா, இன்னிக்கும் கிளாஸ் இல்லையா?" என்றான். மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

நிவேதாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நான் பெரிய வீரன் இல்லை. அவன் உள்ளே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கதவு நிலையில் கை வைத்தபடி நின்றான். கீழே யாரோ ஜெராக்ஸ் எடுக்க வந்து, அண்ணா அண்ணா என்று கூப்பிட்டார்கள்.

"சும்மாதான் சார். ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கஸ்தூரி அம்மா ஓடிப்போய்ப் படிக்கட்டின் கிரில் கதவைப் பூட்டினார். திரும்பி வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நிவேதா எழுந்து நின்றாள். "போலீசுக்குப் போலாம் அக்கா" என்றாள். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்து அவனை அழைத்துப் போனார்கள். கடைக் கணினியில், நகல் செய்த கோப்புகள் ஒரு பொன்மொழித் தொகுப்பின் பெயரில் இருந்த கோப்புறையில் கிடைத்தன. நான் வாக்குமூலம் கொடுக்கப் போயிருந்தபோது அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு அவன் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. "நான் எதையும் உடைக்கலை மேடம். என் சிஸ்டத்துல தானா வந்து நின்னுச்சு. கிளிக் பண்ணேன், திறந்துச்சு. திறந்துதானே வெச்சிருந்தாங்க."

அவன் பொய் சொல்லவில்லை. என்னை உலுக்கியது அதுதான். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கடைகளின் திரையில், எங்கள் பெட்டிகள் தானாக வந்து நின்றுகொண்டிருந்தன. ரயிலில் திரும்பி வரும்போது ஒவ்வொரு நிலையத்தின் வெளிச்சமான மாடி ஜன்னல்களையும் பார்த்தபடி வந்தேன்.

அடுத்த வாரம் பெருங்குடியில் மீட்டிங். விற்பனைத் தலைவர் பாலாஜி நல்ல மனிதர். பொத்தேரி விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனாலும், "ஒருத்தன் பண்ணதுக்காக எல்லாருக்கும் பூட்டுப் போட முடியாது மேடம். பெட்டியை வாங்கி, வயரைச் சொருகி, வேலை செய்யலேன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. ஈசியா இருக்குன்னுதானே நம்மகிட்ட வர்றாங்க" என்றார்.

வித்யா மேடம் வாதாடவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அமைப்பைப் பற்றிப் பேசினாலும் கிடங்கிலிருந்து சீல் உடைக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்வார். எல்லோர் முன்னாலும் பிரிப்பார். கையேட்டை அவரே எடுத்து ஓரமாக வைப்பார். வயரைச் செருகுவார். அதற்குமேல் எதையும் தொடக் கூடாது. ஒருவர் வாங்கியவராக உட்கார வேண்டும். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமும் எதுவும் கேட்காமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று மற்றவர்கள் பேசாமல் பார்க்க வேண்டும். இந்தப் பேசாமல் பார்ப்பதுதான் கஷ்டம்.

அன்று வாங்கியவராக அவரே உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எதையோ பெட்டியில் போட்டார். பாலாஜியைப் பக்கத்து வீட்டுக்காரராக உட்கார வைத்தார். பாலாஜி சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தார். பெட்டியின் படம் திரையில் வந்தது. தட்டினார். திறந்தது. உள்ளே இருந்த வீடியோ ஓட ஆரம்பித்தது. ஒரு வீட்டு வாசல். சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே வருகிறாள்.

"எங்க வீட்டு வாசல் பாலாஜி" என்றார் மேடம். குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. "அது என் பொண்ணு. எத்தனை மணிக்குக் கிளம்புறான்னு பாத்துச் சொல்லுங்க. அடுத்ததையும் திறங்க. தினமும் ஒரே நேரமான்னு பாருங்க."

பாலாஜி இரண்டாவதைத் திறக்கவில்லை. மடிக்கணினியை மூடினார். தண்ணீர் குடித்தார். "மூடிடலாம் மேடம்" என்றார்.

புதுப் பெட்டிகளுக்கு அன்றே முடிவாகிவிட்டது. முதல் முறை வயரைச் செருகும்போதே பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால்தான் பெட்டி வேலை செய்யும். கெஸ்ட் இல்லை. இன்னும் சில பழைய திறப்புகளையும் அடைத்தோம். என்னைச் சப்போர்ட்டிலிருந்து எடுத்து அந்தக் குழுவில் போட்டார்கள்.

கஷ்டமானது ஏற்கெனவே விற்றுப்போன பெட்டிகள். இணையம் வழியாக ஒரு புதுப்பிப்பு அனுப்பி அவற்றிலும் கெஸ்ட்டை மூட முடியும். ஆனால் அந்தப் பெட்டிகளை நம்பி என்னென்ன ஓடுகின்றன என்று எங்களுக்குத் தெரியாது. பொறியாளர்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். இதுவரை பெட்டியோடு வழக்கமாக இணைகிற கணினிகளை அப்படியே விட்டுவிடலாம், புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் கதவை மூடலாம். யாருக்கும் எதுவும் நிற்காது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மேடமே தலையாட்டினார்.

"மேடம், பொத்தேரியில தினேஷோட கணினியும் வழக்கமா இணையிற கணினிதான்" என்றேன். "அந்தப் பெட்டிக்கு அவன் பழைய ஆளு. இந்த அப்டேட் போயிருந்தா அவன் உள்ளேயேதான் இருந்திருப்பான். நாம பூட்டிட்டோம்னு நம்பிக்கிட்டு இருந்திருப்போம்."

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். "அப்போ எல்லாருக்கும் மூடணும்" என்றார். "முன்னாடியே எல்லாருக்கும் சொல்லுவோம். படிக்க மாட்டாங்க. மூடுற அன்னிக்கு எல்லாரும் போன்ல உக்காருவோம். திட்டு வாங்குவோம்."

உட்கார்ந்தோம். பாலாஜியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காலையிலிருந்தே திட்டுதான். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வினாத்தாளைக் காணோம் என்றார்கள். மதியம் பள்ளிக்கரணையில் ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் பேசினார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், கர்ப்பிணி ஒருத்தங்க ஸ்கேன் ரூம்ல இருக்காங்க. ரத்தப்போக்கு இருக்கு. ஸ்கேன் மிஷின்லேருந்து படம் என் ரூமுக்கு வரலை. இவ்ளோ நாளா வந்துச்சு. என்ன பண்ணீங்க?"

ஒரு பெண்ணுக்காகப் பூட்டிய கதவில் இன்னொரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும்தான் தோன்றியது. "டாக்டர், நீங்க மிஷின் பக்கத்துலேயே போய் ஸ்கிரீனைப் பாருங்க. படம் மிஷின்லேயே இருக்கும். போனை மட்டும் நர்ஸ்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் போய்விட்டார். நர்ஸிடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, ஸ்கேன் கருவிக்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினேன். பதற்றத்தில் அவள் தப்புத் தப்பாக அடித்தாள். இருவரும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடைசியில் "வந்துடுச்சு சார்" என்றாள். பின்னால் யாரோ ஓடுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

அன்று மாலைவரை எனக்கு எதுவும் ஓடவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நானே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அந்த நர்ஸே எடுத்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, மேல்சிகிச்சைக்கு நேரத்தோடு அனுப்பிவிட்டோம் என்றாள். "டாக்டர் உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கார் சார்" என்றும் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலத்தின் மேல் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வித்யா மேடம் பக்கத்தில் வந்து நின்றார். என் முன்னாலிருந்த ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய், வேறு டீ கொண்டுவந்து வைத்தார்.

தினேஷ் ஜாமீனில் வந்தான் என்று கேள்விப்பட்டேன். வழக்கு பல வருடம் இழுத்து, அவனுக்குத் தண்டனை கிடைத்தது. நிவேதா படிப்பை விடவில்லை. அவள் அப்பா ஊருக்குக் கூப்பிடவில்லை. அவரே வந்து காட்டாங்குளத்தூரில் ஓர் உறவினர் வீட்டில் சேர்த்துவிட்டுப் போனாராம். ஷாலினியோடு திரும்பவும் பேசினாளா என்று கஸ்தூரி அம்மாவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார்.

எங்கள் புதுப்பிப்பு எல்லாப் பெட்டிகளுக்கும் போய்ச் சேரவில்லை. இணையத்தோடு இணைக்காமல் வைத்திருக்கிற பெட்டிகள் இருந்தன. தானாகப் புதுப்பிப்பதை யாரோ அணைத்துவைத்த பெட்டிகள் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியாது. ஓய்வு பெறும்வரை அந்த நினைப்பு என்னைவிட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் அடுக்குமாடியில் சங்கத்துக்காரர்கள் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரே இணைய இணைப்பு எடுத்தார்கள். ஒரு ஞாயிறு, ஆலயத்திலிருந்து வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். நெட்வொர்க் பகுதியில் எங்கள் கம்பெனிப் பெட்டி ஒன்றின் படம் வந்து நின்றது. பழைய மாடல். புதுப்பிப்பு போய்ச் சேர்ந்திருந்தால் இப்படி வந்து நிற்காது. அதற்குக் கீழே அதன் சொந்தக்காரர் வைத்த பெயர் இருந்தது, மேல் மாடியில் எந்த வீடு என்று எண்ணோடு.

நான் அதைத் தொடவில்லை. என் மனைவி மெர்சியையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். தனியாகப் போக மனம் வரவில்லை. கதவைத் திறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கணவர் வெளிநாட்டில். வரவேற்பறையில் இரண்டு பெண்பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "எங்க வீட்டுப் பெட்டி உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சது?" என்று கேட்டார். கதவை அவர் முழுதாகத் திறக்கவில்லை. நானும் உள்ளே வருவதாகச் சொல்லவில்லை. வெளியே நின்றபடியே என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெர்சி மட்டும் உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றாள். முடிந்தது என்று ஆசிரியை திரும்பி வந்தார்.

"அதுல என்னம்மா வெச்சிருக்கீங்க?" என்று மெர்சி கேட்டாள்.

"பசங்க போட்டோ எல்லாம். பொறந்ததுலேருந்து." என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா சார் இப்படித் திறந்து இருந்துச்சு?"

"இந்தப் பொது இணைப்பு வந்ததுலேருந்தும்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நடையில் வரிசையாக இருந்த கதவுகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.